முதலில் அப்பாவின் இடுப்பை அளப்போம்: வளரிளம் பிள்ளைகளின் எடை பற்றி ஒரு வழிகாட்டி

பிள்ளையின் எடையைப் பற்றிக் கேட்க வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வந்து நிற்பார்கள். பையனையோ பெண்ணையோ முன்னால் தள்ளிவிட்டு, அப்பாவும் அம்மாவும் இரண்டடி பின்னால் நிற்பார்கள். "சார், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, எப்படி ஊதிப் போயிருக்கிறான் பாருங்கள்" என்று அப்பா தொடங்குவார். நான் மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு, "முதலில் நீங்கள் வாருங்கள்" என்பேன். அந்த நிமிடத்தில் பையன் முகத்தில் வரும் சிரிப்பும் அப்பா முகத்தில் வரும் கலக்கமும் எனக்கு மனப்பாடம்.

நான் மருத்துவன் அல்லன். கடலூர் வட்டாரத்துப் பள்ளிகளில் 30 ஆண்டுகள் விசில் ஊதிய உடற்கல்வி ஆசிரியன். ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரத்தையும் எடையையும் பதிவேட்டில் எழுதிக் கை காய்த்தவன். என் 41ஆம் வயதில் ஒரு முகாமில் விரல் நுனியைக் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தம் சர்க்கரை 212 என்று காட்டியது. அப்போது என் மகனுக்கு வயது 13. அவனுடைய கழுத்தின் பின்புறம் அதற்கு ஓராண்டு முன்பே கறுத்துப் போயிருந்தது. என் சர்க்கரைக்கும் அவன் கழுத்துக்கும் உறவு உண்டு என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. விளையாட்டு வாத்தியார் வீட்டிலேயே இந்த லட்சணம் என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன். பிறகு கேட்டும் படித்தும் மருத்துவர்களைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டதை, இப்போதுதான் இந்த விஷயத்துக்குள் காலெடுத்து வைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

ஏன் பெற்றோரிலிருந்து தொடங்க வேண்டும்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) என்ற நீரிழிவு ஆய்வு 2023இல் வெளியானது. அது 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நீரிழிவு உள்ளோரை மாநிலவாரியாகக் கணக்கிட்டது. புதுச்சேரியில் 26.3 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் புதுச்சேரிக்கு. கடலூர்க்காரர்கள் இதைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். புதுச்சேரி எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டி பஸ் போவதால் யாருடைய நாக்கும் மாறிவிடுவதில்லை. நம் பக்கத்தில் ஒரு வகுப்பில் 40 பிள்ளைகள் இருந்தால், அவர்களில் பலருடைய வீட்டில் சர்க்கரை மாத்திரை அட்டை ஒன்று குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடக்கிறது என்றுதான் பொருள்.

அந்த அட்டைக்கும் பிள்ளையின் எடைக்கும் என்ன தொடர்பு? மரபு ஒரு பங்கு. எடையோடு தொடர்புடையது என்று 2007இல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் குறிப்பிட்ட வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். இப்படிப்பட்ட மரபணுக்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். உடம்பு எளிதில் கொழுப்பைச் சேர்த்துவைக்கும் சுபாவம் பிறப்பிலேயே வரலாம். சேர்ப்பதற்கான பண்டம் வீட்டில் கிடைத்தால்தான் அது சேர்க்கும். "எங்கள் வம்சமே இப்படித்தான்" என்று கையைக் கழுவுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

இரண்டாவது, கருப்பை. தாய்க்குக் கர்ப்ப காலத்தில் இரத்தச் சர்க்கரை ஏறினால், அந்தச் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். அதைக் கட்டுப்படுத்தும் தாயின் இன்சுலின் போகாது. எனவே குழந்தையின் கணையமே கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும்; இன்சுலின் கூடினால் கொழுப்பும் கூடும். அப்படிப் பிறந்த குழந்தைகளுக்குப் பின்னாளில் எடை கூடவும் நீரிழிவு வரவும் வாய்ப்பு அதிகம். இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர், நம் நாட்டுக் குழந்தைகள் எடை குறைவாகப் பிறந்தாலும் உடலில் கொழுப்பின் பங்கைக் குறைத்துக்கொள்ளாமல் பிறப்பதைக் காட்டினார்கள். இரண்டரைக் கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த பிள்ளையைப் பாட்டி கொழுகொழுவென்று ஆக்கிக் காட்டுவேன் என்று சபதம் எடுத்த வீடுகளை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது, வீடு. ஒரே அடுப்பு, ஒரே சோபா, ஒரே தூக்க நேரம். மரபையும் கருப்பையையும் இனி நாம் ஒன்றும் செய்ய முடியாது என்பதால் இந்தக் கட்டுரையின் மீதி முழுவதும் இதைப் பற்றித்தான்.

வீட்டுக் கோப்பைத் திரட்டுங்கள்

எங்கள் வீட்டில் ஆய்வக முடிவுகள் எல்லாம் ஒரு பழைய ஜவுளிக்கடைப் பையில், பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில் இருந்தன. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பை இருக்கும். அதை இறக்குங்கள். ஒரு நோட்டை எடுத்து அப்பாவுக்கு ஒரு பக்கம், அம்மாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, இந்த ஐந்து எண்களை எழுதுங்கள்.

இடுப்புச் சுற்றளவு: நம் மக்களுக்கு ஆண் என்றால் 90 செ.மீ., பெண் என்றால் 80 செ.மீ. தொட்டுவிட்டால் அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல். இரத்த அழுத்தம் 130/85 அல்லது அதற்கு மேல். இரண்டில் ஒன்று கூடினாலும் கணக்குத்தான். டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 150 அல்லது அதற்கு மேல். நல்ல கொழுப்பு என்று சொல்லப்படும் எச்.டி.எல். ஆணுக்கு 40க்குக் கீழ், பெண்ணுக்கு 50க்குக் கீழ். மாத்திரை போட்டு எண் சரியாக இருந்தாலும் அதைக் கூடியதாகவே எழுத வேண்டும். பலர் இங்கேதான் ஏமாற்றுவார்கள்.

ஐந்தில் மூன்று தவறினால் அதை வளர்சிதைமாற்றக் கூட்டுக்கோளாறு என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பெயர் நீளமானது, விஷயம், உடம்பு இன்சுலினின் சொல்லைச் சரியாகக் கேட்பதில்லை என்பதுதான். கை கால் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் அப்பாக்களை நம் ஊர்த் தெருவில் நின்று எண்ணிப் பாருங்கள். "நான் ஒல்லிதானே" என்று அவர்கள் சொல்வதைத் தராசு ஒப்புக்கொள்ளும், டேப் ஒப்புக்கொள்ளாது.

டேப் பிடிக்கும் இடம் முக்கியம். பேண்ட் கட்டும் இடத்தில் அளந்தால் எல்லோரும் தேறிவிடுவார்கள், ஏனென்றால் தொப்பைக்குக் கீழேதான் பேண்ட் நிற்கிறது. பக்கவாட்டில் விலா எலும்பின் கடைசி ஓரத்தைத் தடவிப் பாருங்கள். இடுப்பெலும்பின் மேல்விளிம்பையும் தடவிப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப் சுற்ற வேண்டும். சட்டைக்கு மேல் கூடாது. மூச்சைச் சாதாரணமாக விட்டு முடிக்கும்போது எண்ணைப் படியுங்கள். வயிற்றை எக்கினால் நான் பேச்சுக் கொடுப்பேன். பேசிக்கொண்டே எக்க எவராலும் முடியாது.

அம்மாவின் பக்கத்தில் கூடுதலாக இரண்டு கேள்விகள்: இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது சர்க்கரை இருந்ததா? பிள்ளையின் பிறப்பு எடை என்ன? 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்து 2 மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்திருந்தால், 140ஐத் தொட்டிருந்ததா என்று பழைய அட்டையில் பாருங்கள். இதை எழுதுவது மருத்துவருக்குப் பயன்படும் தகவலுக்காக. அந்தப் பக்கத்தைக் காட்டி மாமியாரோ கணவரோ வாயைத் திறந்தால் நோட்டை மூடிவிடுங்கள். தாத்தா, பாட்டிக்குச் சர்க்கரை இருந்தால் அதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள்.

இப்போது பிள்ளை

அரைஞாண் கயிறு கட்டும் வீடுகளில் இதற்குத் தனியாக டேப் கூடத் தேவையில்லை. பையனுக்கு அரைஞாண் ஒரே ஆண்டில் இரண்டு முறை மாற்ற நேர்ந்திருந்தால் அம்மாவுக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் முறையாகச் செய்வோம். ஒரு நூலைப் பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை நீட்டி வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த நூல் இடுப்பைச் சுற்றி வந்து நுனியோடு நுனி சேர்ந்தால் நல்லது. சேராமல் இடைவெளி விட்டால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது. 158 செ.மீ. உயரமுள்ள பையனுக்கு இடுப்பு 79 செ.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பதைத்தான் அந்த நூல் சொல்கிறது.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் உடல் நிறைக் குறியீட்டையும் பாருங்கள். ஆனால் பெரியவர்களுக்கான 23, 25 என்ற வரம்புகளைப் பிள்ளைகளுக்குப் போடக் கூடாது. 12 வயதுக்கு அதிகமான எண் 17 வயதுக்குச் சாதாரணமாக இருக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரைக்குமான வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அதில் உள்ள இரண்டு மேல் கோடுகள், பிள்ளை பெரியவரானால் 23க்கும் 27க்கும் சமமாகிற கோடுகள். முதல் கோட்டைத் தாண்டினால் அதிக எடை, இரண்டாவதைத் தாண்டினால் உடற்பருமன். குழந்தை மருத்துவரிடம் கேட்டால் புள்ளி வைத்துக் காட்டுவார்.

உயரத்தை அவசியம் குறியுங்கள். சாதாரணமாக எடை கூடிய பிள்ளைகள் வயதுக்குச் சற்று உயரமாகவே இருப்பார்கள். உயரம் நின்றுபோய் எடை மட்டும் ஏறினால் அது வேறு கதை. தைராய்டு முதலிய சுரப்பிகளைப் பார்க்க வேண்டும். "தைராய்டாக இருக்கும்" என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். பெரும்பாலும் அதுவாக இருப்பதில்லை.

கழுத்தைத் தேய்க்காதீர்கள்

என் மகனின் கழுத்தை என் மனைவி எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்திருப்பார் என்று கணக்கில்லை. எலுமிச்சைத் தோல், பயத்தம்மாவு, பீர்க்கங்கூடு, கடைசியில் விளம்பரத்தில் வந்த ஒரு களிம்பு. பையன் குளியலறையில் அழுவான். "ஒழுங்காகக் குளித்தால் இப்படி ஆகுமா?" என்று நானும் வெளியிலிருந்து குரல் கொடுப்பேன். அது அழுக்கே இல்லை.

கழுத்தின் பின்புறம், அக்குள், சில பிள்ளைகளுக்கு விரல் முட்டிகள் ஆகிய இடங்களில் தோல் கறுத்து, தடித்து, தொட்டால் வெல்வெட்டுத் துணி போல இருக்கும். இரத்தத்தில் இன்சுலின் அளவு கூடிக் கிடப்பது தோல் செல்களைத் தூண்டிவிடுகிறது. அதன் அடையாளம் இது. சர்க்கரை அளவு இன்னும் சரியாக இருக்கும்போதே இது தெரியத் தொடங்கிவிடும். காசு செலவில்லாமல், ஊசி குத்தாமல், கண்ணால் படிக்கக் கூடிய பரிசோதனை. எடை கூடி, கழுத்தும் கறுத்து, பெற்றோரில் ஒருவருக்கு நீரிழிவும் இருந்தால் மருத்துவரிடம் போக வேறு காரணம் தேட வேண்டாம். எடை குறைந்து இன்சுலின் இறங்கினால் கறுப்பும் மெல்ல வெளுக்கும். அதுவரை பீர்க்கங்கூட்டைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம்.

பருவ வயதில் எல்லாப் பிள்ளைகளுக்குமே இன்சுலினுக்கு உடல் கட்டுப்படுவது இயல்பாகச் சற்றுக் குறையும். மரபாக வந்த சுமை இருக்கிற பிள்ளைக்கு, எடையும் கூடிய பிள்ளைக்கு, இந்தப் பருவம் மேட்டில் ஏறும் மாட்டுவண்டிக்கு இன்னொரு மூட்டை. 12, 13 வயதில் கண்டுபிடிப்பது அதனால்தான் முக்கியம்.

பேசுவது எப்படி

இதில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வகுப்பில் எடை எடுக்கும்போது, எழுதிக்கொள்ளும் மாணவனுக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வோர் எண்ணையும் உரக்கச் சொன்னேன். ஒரு பையனின் முறை வந்தது. "81" என்றேன். வகுப்பு சிரித்தது. நானும் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவனுக்கு நிச்சயம் நினைவிருக்கும். அந்த ஆண்டு முழுவதும் விளையாட்டுப் பீரியடில் அவனுக்கு வயிற்றுவலி. ஓடினால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்காக ஓடாமலே இருந்தான். எடையைச் சொல்லிக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகளுக்கு எடை மேலும் கூடுவதை ஆய்வுகளும் பார்த்திருக்கின்றன. எனக்கு அந்த ஒரு பையன் போதும்.

வீட்டில் "குண்டா", "பூசணி" போன்ற செல்லப் பெயர்களை இன்றோடு நிறுத்துங்கள். பாட்டி, மாமா, பக்கத்து வீட்டு அத்தை உட்பட. சாப்பிடும்போது தட்டைப் பார்த்துப் பேசாதீர்கள். பிள்ளையிடம் உங்கள் எண்ணிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்: "அப்பாவுக்கு இடுப்பு 98 இருக்கிறது, 90க்குக் கீழே வர வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். தனியாக என்னால் முடியாது. நீயும் கூட வருகிறாயா?" இது நடிப்பு இல்லை, உண்மையும் இதுதான். நான் இப்படிக் கேட்ட அன்று என் மகன் செய்த முதல் வேலை, நான் தேநீரில் போட்ட இரண்டாவது கரண்டிச் சர்க்கரையைப் பிடுங்கியது.

இரண்டு உலை வைக்காதீர்கள்

நம் வீடுகளில் நடக்கும் பெரிய பிழை, சர்க்கரை உள்ளவருக்குத் தனிச் சமையல். அப்பாவுக்கு எண்ணெய் இல்லாமல் இரண்டு சப்பாத்தி, பாகற்காய். பிள்ளைக்குப் பரோட்டா, சால்னா, "வளர்கிற பிள்ளை சாப்பிடட்டும்". அப்பாவுக்கு எந்த உணவு நல்லது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தாரோ, அது எந்த வியாதியும் இல்லாத மனிதனுக்கும் நல்ல உணவுதான். பிள்ளை அப்பாவின் உடம்பைத்தான் கொண்டுவந்திருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், தட்டு மட்டும் ஏன் வேறாக இருக்க வேண்டும்?

அமெரிக்காவில் லெனர்ட் எப்ஸ்டீன் குழுவினர் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதை அழகாகக் காட்டியது. பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து எடை குறைக்க வைத்த குடும்பங்களின் பிள்ளைகள், 10 ஆண்டு கழித்தும் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். பிள்ளையை மட்டும் திருத்துவது நீடிக்கவில்லை.

மாதக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். நான்கு பேர் வீட்டுக்கு மாதம் 4 கிலோ சர்க்கரை வாங்கினால், ஆளுக்கு நாளைக்கு 33 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கே 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. இந்த 33 கிராமில் பேக்கரி கேக், பிஸ்கட், குளிர்பானம் எதுவும் சேரவில்லை. பல குளிர்பானங்களில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. பாட்டிலின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும், பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள், கண் நன்றாகத் தெரிகிற வயது. எண்ணெய்க்கு மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு ஆளுக்கு மாதம் அரை லிட்டர். நான்கு பேருக்கு 2 லிட்டர். எங்கள் வீட்டில் 5 லிட்டர் டின் வாங்கிக்கொண்டிருந்தோம், தள்ளுபடியில் கிடைக்கிறது என்று.

அடுத்தது சோறு. நம் மதியச் சாப்பாட்டின் சூட்சுமம் அளவில் இல்லை, சுற்றில் இருக்கிறது. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று மூன்று தடவை சோறு விழுகிறது. "நான் கொஞ்சம்தான் போட்டுக்கொள்கிறேன்" என்பவரும் மூன்று கொஞ்சம் சாப்பிடுகிறார். எங்கள் வீட்டில் செய்தது எளிது: சோறு ஒரே சுற்று, குழம்போடு. ரசத்தையும் மோரையும் டம்ளரில் ஊற்றிக் குடித்துவிடுவது. சுவைக்குக் குறைவில்லை, சாப்பாடு முடிந்த திருப்தியும் இருக்கிறது. தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு சோறு, மீதிக் கால் பங்கில் பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். கடலூர்த் துறைமுகத்தை வைத்துக்கொண்டு மீனுக்குக் குறையா? மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி எல்லாம் குழம்பில் அருமையாக இருக்கும். வறுவலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சில நம்பிக்கைகளை வேகமாகத் தாண்டிப் போகிறேன். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் சர்க்கரைதான். இரவில் எண்ணெய் தடவிய நான்கு சப்பாத்தி, அளவான சோற்றைவிடப் பெரிய புண்ணியம் ஒன்றுமில்லை. சிறுதானியம் நல்லதுதான், ஆனால் சிறுதானியம் என்று பெயர் போட்ட பிஸ்கட்டின் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், பல நேரம் மைதாதான் முதலில் நிற்கும். பண்ருட்டிப் பலா வரும் காலத்தில் பிள்ளைக்கு இரண்டு, மூன்று சுளை கொடுங்கள். பழத்தைப் பிளந்த நாளில் முடித்துவிட வேண்டும் என்ற வீராப்பு வேண்டாம், தெருவில் நான்கு வீடு இருக்கிறது. காலை உணவை நிறுத்தச் சொல்லாதீர்கள். பட்டினி கிடந்த பிள்ளை மாலை 5 மணிக்கு பேக்கரி வாசலில் நிற்கும்.

அந்த மாலை 5 மணிதான் உண்மையான போர்க்களம். பள்ளி முடிந்து டியூஷனுக்கு முன் ஒரு மணி நேரம். பஃப்ஸ், சமோசா, பஜ்ஜி. நாம் முந்திக்கொண்டால்தான் ஜெயிக்க முடியும். வேகவைத்த கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ தாளித்து டப்பாவில் தயாராக இருந்தால், பசியில் வருகிற பிள்ளை கேள்வி கேட்காது. தயாராக இல்லாவிட்டால் எந்த அறிவுரையும் எடுபடாது. ஒரு கைப்பிடி முந்திரியும் வேர்க்கடலையும் கொடுக்கலாம். கைப்பிடி பிள்ளையின் கைப்பிடி, அப்பாவினுடையது இல்லை. "பிள்ளைகளுக்கு" என்று வாங்கிவைத்த லட்டு டப்பாவை இரவு 11 மணிக்குத் திறப்பவர் யார் என்பதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ஓட்டமும் உறக்கமும்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் விளையாட்டுப் பீரியட் கணக்கு ஆசிரியரின் சொத்தாகிவிடும் என்பது என் 30 ஆண்டு வயிற்றெரிச்சல். அதை இங்கே கொட்டினால் கட்டுரை முடியாது. எனவே பள்ளியை நம்பாமல் ஏற்பாடு செய்யுங்கள்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த மிதிவண்டி மாடிப்படிக்குக் கீழே துருப்பிடிக்கிறதா? டியூப் மாற்றுங்கள். டியூஷன் 3 கி.மீ. தூரம் என்றால் போக வர 6 கி.மீ.; பாதி நேரம் அதிலேயே கழிந்துவிடும். மஞ்சக்குப்பம் மைதானத்திலோ அண்ணா விளையாட்டரங்கிலோ காலையில் அப்பாவும் சேர்ந்து போகலாம். தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் ஈர மணலில் நடப்பது நல்லது. திரும்பும் வழியில் பஜ்ஜிக் கடை இருப்பது தெரியும்தானே, பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கடற்கரைச் சாலை மாலையில் வண்டியில்லாமல் கிடைக்கிறது. அந்த வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. கத்திரி வெயில் காலத்தில் மட்டும் 7 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

எடை கூடிய பிள்ளையை முதல் நாளே ஓடவிடாதீர்கள். முட்டி வலிக்கும், மூச்சு முட்டும், மறுநாள் வராது. பளு தூக்குவதிலும் கயிறு இழுக்கும் போட்டியிலும் கபடியில் பிடிப்பதிலும் இந்தப் பிள்ளைகள் மற்றவர்களை மிஞ்சுவார்கள். அதில் தொடங்கினால் மைதானத்தின் மேல் பிரியம் வரும்.

13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். தூக்கம் குறைந்தால் பசி கூடும். இரவு 10 மணிக்குச் செல்பேசிகள் எல்லாம் கூடத்தில் ஒரே தட்டில் சார்ஜ் ஏறட்டும். எல்லாம் என்றால் அப்பாவின் பேசியும்.

மருத்துவரிடம் எப்போது, எதைக் கேட்டு

அதிக எடை உள்ள பிள்ளை, 10 வயதைத் தாண்டியோ பருவம் தொடங்கியோ இருக்கிறது; கூடவே பெற்றோர் அல்லது தாத்தா, பாட்டிக்கு இரண்டாம் வகை நீரிழிவு, தாய்க்குக் கர்ப்ப காலச் சர்க்கரை, கழுத்துக் கறுப்பு, கூடிய இரத்த அழுத்தம், பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மாதக் கணக்கில் தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இரத்தப் பரிசோதனை தேவை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது கடந்த இரண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவின் வாசல். 126, 6.5 என்றால் உள்ளே வந்தாயிற்று. மருத்துவர் மறுமுறை பார்த்து உறுதி செய்வார். பிள்ளைக்கு இரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சி அளவைக் கூட்டிக் காட்டக்கூடும். நம் பெண் பிள்ளைகளில் பலருக்கு இது பொருந்தும். கொழுப்பு அளவுகளையும் கல்லீரல் நொதி அளவையும் சேர்த்துப் பார்ப்பார்கள். எடை கூடிய பிள்ளைகளுக்குக் கல்லீரலில் கொழுப்புப் படிவது சகஜமாகிவிட்டது. 13 வயதுக்கு மேல் இரத்த அழுத்தம் 130/80ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் அளவு தவறாகக் கூடிக் காட்டும், பெரிய பட்டை கேளுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே தொடங்கலாம். அடுத்து மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனை. மேலே போக வேண்டியிருந்தால் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அதிகாலை பஸ்ஸைப் பிடியுங்கள், நோட்டை மறக்காதீர்கள். அப்பா, அம்மா பக்கங்கள் நிரம்பிய அந்த நோட்டைப் பார்த்ததும் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

தாகம் தணியாமல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுந்து, எடை திடீரென்று இறங்கினால் "பரவாயில்லை, இளைக்கிறான்" என்று மகிழாதீர்கள். அன்றே போங்கள். வாந்தியும் வேகமான மூச்சும் சேர்ந்தால் அவசரப் பிரிவுக்கு. குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்கு நடுநடுவே மூச்சு நின்று வந்தால் அதையும் சொல்ல வேண்டும். எடை குறைக்கும் பொடி, மாத்திரை, ஊசி என்று யார் விற்றாலும், மருத்துவர் சீட்டு இல்லாமல் வளரும் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

மூன்று மாதம் கழித்து

மருத்துவரிடம் இலக்கு என்ன என்று கேட்டால் பல பெற்றோர் ஏமாந்து போவார்கள். உயரம் இன்னும் வளர்கிற பிள்ளைக்குப் பல நேரம் எடையைக் குறைக்கவே சொல்வதில்லை. இருக்கிற எடையில் நிறுத்தினால் போதும், உயரம் வந்து கணக்கைச் சரிசெய்யும். எனவே தினமும் தராசில் ஏற்றாதீர்கள். மாதம் ஒரு முறை, ஒரே தராசில், காலையில்.

இரத்தச் சிவப்பணுக்கள் சுமார் 120 நாள் வாழ்கின்றன. அதனால் எச்பிஏ1சி பரிசோதனையை மூன்று மாதத்துக்கு முன் மறுபடி எடுப்பதில் பெரிய பயன் இல்லை. அன்றைக்கு அப்பாவின் இடுப்பு, அம்மாவின் இடுப்பு, பிள்ளையின் நூல் மூன்றையும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் முதல் மூன்று மாதத்தில் என் இடுப்பு 4 செ.மீ. இறங்கியது, மகனுடையது அசையவில்லை, ஆனால் அவன் 2 செ.மீ. வளர்ந்திருந்தான். நூலைப் புதிதாக வெட்ட வேண்டியிருந்தது.

துணி டேப் பழையதானால் நீண்டுவிடும், புதிது வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அளவு எடுக்கும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். தினசரிக் காலண்டரில் வேண்டாம், கிழித்துப் போட்டுவிடுவீர்கள். மளிகைக் கடையில் கொடுத்த மாதக் காலண்டரில்.